மேலே போனவர்கள்

என் பெண்டாட்டி மேலே போய்விட்டாள் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, எத்தனை வயசு, எப்படி ஆச்சு என்று கேட்பார்கள். அவள் சாகவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் மின் நிலைய அதிகாரிகள் காலனியில் இருந்தாள். என் வாசலில் நின்று சத்தமாகக் கூப்பிட்டால் அவளுக்குக் கேட்கும். பதினாலு மாதம் அப்படி இருந்தாள்.

மேலே என்றால் உயரம் இல்லை. மட்டம் பார்த்தால் அந்தக் காலனி எங்கள் சங்குமேட்டைவிடப் பள்ளம். ஆனாலும் அவர்கள் மேலே, நாங்கள் கீழே. யார் முதலில் அப்படிச் சொன்னார்கள் என்று தெரியாது. நாங்களும் சொல்லப் பழகிவிட்டோம்.

நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவன். பேர் மாசிலாமணி. அனல் மின் நிலையத்தில் சாம்பல் பிடிக்கிற பெட்டியில் முப்பத்தோரு வருஷம் வயர்மேனுக்குக் கையாளாக இருந்தேன், காண்டிராக்டில். எந்த வயரையும் முதலில் புறங்கையால்தான் தொடுவேன். உள்ளங்கையால் தொட்டால் கை இறுக மூடிக்கொள்ளும், விடாது. புறங்கையால் தொட்டால் உதறி விட்டுவிடும். அந்தப் பழக்கம் எதிலும் என்னை விட்டுப் போகவில்லை. கல்யாணமான புதிதில் பாக்கியத்துக்குக் காய்ச்சல் வந்தபோது நெற்றியைப் புறங்கையால்தான் தொட்டுப் பார்த்தேன். "இன்னாய்யா, என்னையும் கரண்டு கம்பினு நெனச்சியா" என்று கேட்டாள். முப்பத்திநாலு வருஷமாக எங்கள் வீட்டில் ஓடுகிற பேச்சு அது.

அந்தப் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நிலக்கரி எரிந்து வருகிற புகையில் சாம்பல் இருக்கும். பெட்டிக்குள் கம்பி தொங்கும், பக்கத்தில் தகடு நிற்கும். கம்பி சாம்பலுக்குக் கரண்டை ஏற்றும், தகடு சாம்பலை இழுத்துக்கொள்ளும். சுத்தியல் ஒன்று தகட்டைத் தட்டிக்கொண்டே இருக்கும், சாம்பல் கீழே கொட்டும். லாரியில் அள்ளிக்கொண்டு போவார்கள். அப்புறம் கொட்ட இடம் இல்லாமல் போனது. கொட்டியதெல்லாம் சேர்ந்துதான் சங்குமேடு. இரண்டாள் உயரத்துக்குச் சாம்பல், அதன்மேல் எங்கள் முந்நூறு வீடு.

பிறகு புதிதாக ஒரு யோசனை கண்டுபிடித்தார்கள். சாம்பலை ஏன் பிடித்து வைக்க வேண்டும், விரட்டிவிட்டால் போதுமே என்று. புகைபோக்கி உச்சியிலேயே சாம்பலுக்குக் கரண்டை ஏற்றி வெளியே விட்டார்கள். காலனி முழுவதையும் கரண்டு இறங்காத கண்ணாடிக் கட்டைகள்மேல் தூக்கி நிறுத்தி, அதே ஜாதிக் கரண்டை அதற்கும் ஏற்றினார்கள். ஒரே ஜாதி ஒன்றையொன்று தள்ளும். சாம்பல் காலனிப் பக்கம் போகாது. ஒரு துணியில் கறை இருக்காது அங்கே. சன்னலைத் திறந்துபோட்டுத் தூங்குவார்கள்.

அந்தச் சாம்பல் எங்கே போகும் என்று கம்பெனி போட்ட கூட்டத்தில் நான் எழுந்து கேட்டேன். கலைந்து போய்விடும் என்றார்கள். மேடையில் இருப்பவன் அப்படிச் சொன்னால் அது நம் தலைமேல் விழப்போகிறது என்று எனக்கு அப்போதே தெரியும்.

எங்கள் மேட்டைச் சுற்றி இருபத்திநாலு எர்த் குழி தோண்டினார்கள். உப்பு, அடுப்புக்கரி, நடுவில் இரும்புக் குழாய். சாம்பலுக்குள்ளே கம்பி வலையும் புதைத்துக் குழாய்களோடு சேர்த்தார்கள். இதெல்லாம் உங்கள் பாதுகாப்புக்கு, உங்கள் உடம்பில் கரண்டு நிற்காமல் பூமிக்குப் போய்விடும் என்றார்கள். எர்த் குழி காய்ந்தால் வேலை செய்யாது. தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும். அந்த வேலையை எனக்குக் கொடுத்தார்கள். விடிந்ததும் குழிக்கு இரண்டு குடம். லாரியில் வரும் தண்ணீர்.

மூன்றே வருஷத்தில் பாக்கியத்தின் நெஞ்சு போய்விட்டது. பேச்சுக்குப் பேச்சு இருமல். தட்டில் சோறு வைத்தால் நாலு வாய் சாப்பிடுவதற்குள் மேலே சாம்பல் படியும். ஆஸ்பத்திரியில் சுத்தமான காற்று வேண்டும் என்றார்கள், மருந்து எழுதுகிற மாதிரி. எங்கே விற்கிறது என்று கேட்டேன். டாக்டர் சிரிக்கவில்லை.

அந்தச் சமயத்தில் தேசம்மா தினமும் வருவாள். முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம் குப்பத்தில் இருப்பவள். சேற்றில் இறங்கி நடந்து வந்து நண்டு விற்பாள். எங்கள் மேட்டில் நின்று கூடையை இறக்கினாலே சாம்பல் படியும் என்று மற்றவர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள், அவள் நிறுத்தவில்லை. என்னைப் பார்க்கும்போதெல்லாம், "மாசிலாமணியாம். பேர்லதான் ண்ணா சுத்தம்" என்பாள். பாக்கியம் படுத்துவிட்ட இரண்டு மாதமும் தூக்கில் நண்டு ரசம் வைத்துக்கொண்டு வந்தாள். தலையைத் தூக்கிப் பிடித்து அவளே ஊட்டிவிட்டாள். அதை நான் மறக்கவில்லை. மறக்கவில்லை என்பதை இங்கே எழுதி வைக்கிறேன், பின்னால் வருவதைப் படிக்கும்போது நினைவில் இருக்கட்டும்.

மேட்டுக்காரர்களில் மூச்சுக் கோளாறு உள்ளவர்களுக்கு வீட்டுக்கு ஒருவர் வீதம் காலனியில் இடம் கொடுப்பதாகக் கம்பெனி எங்களோடு போட்ட ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. பாக்கியத்துக்குக் கிடைத்தது. என்னால் நம்ப முடியவில்லை. என்னைச் சேர்க்கவில்லை, எனக்கு நெஞ்சு நன்றாக இருந்தது. அவளைக் காலனி கேட்டில் ஒரு அறையில் கண்ணாடிக் கால் வைத்த நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்டு ஏற்றினார்கள். தலைமயிர் எழுந்து நின்றது. வேறு ஒன்றும் தெரியவில்லையாம். கதவு திறந்தது, உள்ளே நடந்து போனாள். ஒரு வாரத்தில் இருமல் நின்றது.

முதலில் மாதம் ஒருமுறை என்னையும் ஏற்றி உள்ளே விட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்தேன், கையைப் பிடித்தேன், ஒன்றும் ஆகவில்லை. பிறகு கீழே இருந்து வருகிறவர்கள் உடம்போடு சாம்பல் கொண்டு வருகிறார்கள் என்று அறையைப் பூட்டிவிட்டார்கள். இரண்டு கம்பிவேலி போட்டார்கள். நடுவில் இரண்டு ஆள் நீளத்துக்கு வெற்றிடம். அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். கேட்டின் தலையில் ஒரு மீட்டர். இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தைச் சிவப்பு எழுத்தில் காட்டும். நாற்பது. நாற்பதாயிரம் வோல்ட் என்று அர்த்தம். பெண்டாட்டிக்கும் எனக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று ஊருக்கே தெரியும்படி எழுதி வைத்திருந்தார்கள்.

அவளைக் கீழே இறக்கிக் கூட்டிவரலாம், யாரும் தடுக்கவில்லை. வந்தால் இருமலில் போய்விடுவாள். அவளைத் தொட வேண்டும் என்றால் கொல்ல வேண்டும். இதுதான் நிலைமை.

போன வைகாசியில் தண்ணீர் லாரி ஒன்பது நாள் வரவில்லை. குடிக்கவே இல்லை, குழிக்கு எங்கே ஊற்றுவது. எல்லாம் காய்ந்து உப்பு வெள்ளையாகப் பூத்தது. ஆறாம் நாள் காலையில் கட்டிலைத் துடைக்கப் போனேன். துடைக்க ஒன்றும் இல்லை. தகரக் கூரையைத் தடவிப் பார்த்தேன், விரலில் லேசாகத்தான் ஒட்டியது. கொடியில் காய்ந்த வேட்டி தானாகக் கொடியைவிட்டுத் தள்ளி நின்றது. என் கையில் இருந்த மயிர் எழுந்து நின்றது. சாயங்காலம் கேட்டுக்குப் போனேன். மீட்டரில் இருபத்தொன்பது.

அந்தக் கேட்டைப் பார்த்துக்கொள்ள ஹேமாவதி என்று ஒரு இன்ஜினியர் அம்மா இருந்தது. சின்ன வயசு. மற்ற இன்ஜினியர்களைப்போல ஆளைப் பார்க்காமல் பேசாது. அதற்காக நான் நம்பிவிடவில்லை. மீட்டர் கெட்டுப்போச்சா மேடம் என்று சும்மா கேட்டேன்.

"மீட்டர் சரியாத்தான் இருக்கு பெரியவரே. நாங்க இறங்கலை. நீங்க ஏறிட்டிருக்கீங்க."

எனக்குப் புரியவில்லை. விளக்கியது. பூமியைப் பூஜ்யம் என்று வைத்துக்கொள்வது கணக்குக்காகத்தானாம், எதுவும் தன்னளவில் மேலேயும் இல்லை கீழேயும் இல்லையாம். இரண்டு இடத்துக்கு நடுவில் வித்தியாசம் எவ்வளவு என்பதுதான் உண்டாம். கம்பியில் உட்கார்ந்த காக்கா மாதிரி என்றது. எனக்குக் காக்காவையும் தெரியும், வௌவாலையும் தெரியும் என்றேன். வௌவால் ஒரு கம்பியில் தொங்கும்வரை ஒன்றும் ஆகாது. இறக்கையை விரித்து அடுத்த கம்பியைத் தொட்டால் அங்கேயே கருகித் தொங்கும். எத்தனையோ வௌவாலைக் கம்பால் தள்ளிவிட்டிருக்கிறேன்.

"அதேதான்," என்றது. "இன்னொண்ணு சொல்லட்டா? சாம்பல்ல ஏத்துறது மைனஸ். காலனியும் மைனஸ் நாப்பதாயிரம். கணக்குப்படி பார்த்தா நீங்கதான் மேலே, நாங்க கீழே."

"அதை ஒரு போர்டுல எழுதி மாட்டுங்களேன்."

"என் வேலை போயிடும்," என்றது.

அப்புறம்தான் முக்கியமானது வெளியே வந்தது. குழி காய்ந்தால் நாங்கள் ஏன் ஏறுகிறோம் என்று கேட்டேன். விழுகிற சாம்பல் தன் கரண்டையும் கொண்டுவந்து இறக்குகிறதாம். குழி ஈரமாக இருந்தால் அது பூமிக்குள் ஓடிவிடும், மேடு பூஜ்யத்திலேயே நிற்கும். பூஜ்யமாக இருப்பதைத்தான் சாம்பல் தேடி வரும். குழி காய்ந்தால், காய்ந்த சாம்பல் மேட்டில் கரண்டு போக வழி இல்லை. சேர்ந்துகொண்டே போகும். கடைசியில் மேடும் காலனி மாதிரி ஆகி, வருகிற சாம்பலைத் தள்ளிவிடும்.

"அப்போ அந்த இருபத்திநாலு குழி எங்க பாதுகாப்புக்கு இல்ல," என்றேன்.

அது தரையைப் பார்த்தது. "பாதுகாப்புக்கும்தான்."

நான்கு வருஷம், தினமும் நாற்பத்தெட்டுக் குடம் சுமந்து, சாம்பலை என் வீட்டுக்கு நானே வெற்றிலைபாக்கு வைத்து அழைத்திருக்கிறேன். பாக்கியத்தின் நெஞ்சில் இறங்கியதை நானே தண்ணீர் ஊற்றி வளர்த்திருக்கிறேன். கோபம்கூட வரவில்லை. அவ்வளவு களைப்பு.

பத்தாம் நாள் லாரி வந்தது. நான் ஒரு குழிக்கும் ஊற்றவில்லை. தண்ணீரை வீடுகளுக்குக் கொடுத்துவிட்டேன். கம்பெனி மிச்சத் தண்ணீர் என்று சொன்னேன், சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்கள். குழிகளின் மூடியைத் திறந்து மூடுவதை மட்டும் விடவில்லை. தூரத்தில் இருந்து பார்ப்பவனுக்கு மாசிலாமணி வேலை செய்கிறான். கிழவன் செய்வதை யார் கிட்டே வந்து பார்ப்பார்கள்?

இருபத்திரண்டு. பதினாறு. ஒன்பது. மீட்டரைப் பார்க்க நான் தினமும் போனேன். வேலிக்கு அந்தப் பக்கம் பாக்கியம் வந்து நிற்பாள். காரணத்தைச் சொல்லவில்லை. கம்பெனியே கரண்டை எறக்கிட்டு வருது போல என்றேன்.

ஆடி பிறந்த வாரத்தில் ஹேமாவதி மேட்டுக்கே வந்துவிட்டது. ஏழாம் குழியின் மூடியை அதுவே தூக்கிப் பார்த்தது. உள்ளே உப்பு பாளமாக வெடித்துக் கிடந்தது.

"ஊத்துறீங்களா பெரியவரே?"

"தினம் ஊத்துறேன்."

மூடியை மெதுவாக வைத்தது. "நான் எழுதிப் போடமாட்டேன். ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. அது அழியாது. கரண்டும் அழியாது, சாம்பலும் அழியாது. உங்களைத் தொடலைன்னா, பக்கத்துல பூஜ்யமா இருக்கிற வேற இடத்தைத் தொடும்."

"கலைஞ்சு போயிடும்னு மேடையில சொன்னாங்களே."

மழை வந்தால் மேடு நனைந்து எல்லாம் பழையபடி இறங்கிவிடும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனது. இன்ஜினியர்கள் எதைச் சொன்னாலும் தங்களுக்குச் சாதகமாகத்தான் சொல்வார்கள், என்னை மறுபடி தண்ணீர் ஊற்றவைக்கப் பயம் காட்டுகிறது என்று நினைத்தேன். நினைத்தேனா, நினைக்க விரும்பினேனா என்று இப்போது கேட்டால் எனக்குத் தெரியாது.

ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள் மீட்டரில் பூஜ்யம். கேட்டில் இருந்தவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வித்தியாசம் இருந்தால் திறக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தார்கள், இல்லாவிட்டால் என்ன என்று யாரும் சொல்லவில்லை. பாக்கியம் ஒரு கட்டைப்பையோடு நின்றாள். திறந்துவிட்டான்.

நான் கையை நீட்டினேன். புறங்கையை. அவள் அதைப் பார்த்தாள்.

"இன்னும் கரண்டு கம்பியா நானு," என்றாள்.

கன்னத்தில் புறங்கை பட்டது. ஒன்றும் ஆகவில்லை. வெறும் சூடு. அப்படியே கையைத் திருப்பி உள்ளங்கையை வைத்தேன். இரண்டு பேரும் ரோட்டு நடுவில் நின்றோம், லாரிக்காரன் ஆரன் அடிக்கும்வரை.

வீட்டுக்கு வந்தாள். துடைக்காத தட்டில் சாப்பிட்டாள். கூரைக்கு வெளியே உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவினாள். இருமவில்லை. மேடு முழுக்க அப்படித்தான். துணி வெள்ளையாகக் காய்ந்தது. முந்நூறு வீட்டுக்காரர்களும் கம்பெனி திருந்திவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். எதையாவது தொட்டால் லேசாகச் சுருக்கென்றது, சீப்பில் மயிர் ஒட்டியது, அவ்வளவுதான். மூன்று வாரம் நான் நன்றாகத் தூங்கினேன்.

தேசம்மா வந்து ரொம்ப நாளாகியிருந்தது. அதை நான் கவனித்தேன், ஆனால் ஏன் என்று விசாரிக்கவில்லை.

இன்று காலையில் வந்தாள். முகத்துவாரத்துச் சேறு முழங்கால்வரை ஈரமாக இருந்தது. மேட்டில் ஏறும்போதே இருமிக்கொண்டு வந்தாள். அந்த இருமலை எனக்குத் தெரியும். தூங்கும்போதுகூட அடையாளம் கண்டுபிடிப்பேன். தலையெல்லாம் சாம்பல் நிறம். நரை என்று முதலில் நினைத்தேன். கூடைக்குள் நண்டின்மேலும் அதே நிறம்.

பாக்கியம் வந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டுப் பார்க்க வந்தாளாம். குப்பத்தில் ஒன்றரை மாதமாகச் சாம்பல் கொட்டுகிறதாம். கருவாடு காயப்போட முடியவில்லையாம், எல்லாம் சாம்பல் பூசிக்கொள்கிறதாம். எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லையாம். காற்று திரும்பிவிட்டது என்று பேசிக்கொள்கிறார்களாம்.

கூடையை இறக்க நான் கை கொடுத்தேன். உள்ளங்கையைத்தான் நீட்டினேன். வீட்டில் மூன்று வாரமாகத் தைரியமாகத் தொட்டுப் பழகிவிட்டது, அதுதான் நான் செய்த பிசகு. அவள் விரலுக்கும் என் விரலுக்கும் நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு நீலமாக வெட்டியது. சத்தம் சவுக்கு அடித்த மாதிரி. தேசம்மா பின்னால் விழுந்தாள். கூடை உருண்டது, நண்டுகள் சாம்பலில் ஓடின.

தூக்கப் போனேன். கையைக் காட்டி நிறுத்தினாள். விரல் நுனி கருத்திருந்தது. அவளே எழுந்தாள். என்னைப் பார்த்தாள், வெள்ளையாகக் காய்கிற துணிகளைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள். எழுதப் படிக்கத் தெரியாதவள், இன்ஜினியர் அம்மா எனக்கு ஒரு சாயங்காலம் முழுக்கச் சொன்னதை அவ்வளவு நேரத்தில் புரிந்துகொண்டாள்.

"நீங்களும் மேலே போயிட்டீங்களா ண்ணா," என்றாள்.

செத்தவனிடம் கேட்கிற மாதிரிதான் இருந்தது. அவள் நண்டுகளைப் பொறுக்கிக் கூடையில் போட்டாள். இடுப்பில் இருந்து ஒரு தூக்கை எடுத்தாள். பாக்கியத்துக்கு ரசம். அதைத் தரையில் வைத்து, கீழே கிடந்த குச்சியால் என் பக்கம் தள்ளிவிட்டு, தள்ளிப்போய் நின்றாள். அப்படித் தள்ளி நிற்பதை என் சின்ன வயசில் பார்த்திருக்கிறேன். அப்போது தள்ளி நின்றது என் அப்பா.

லாரி இப்போதுதான் இறக்கிவிட்டுப் போயிருந்தது. வாசலில் குடங்கள் வரிசையாக நின்றன. நாற்பத்தெட்டுக் குடம். இன்றைக்கு ஆரம்பித்தால் ஒரு வாரத்தில் மேடு பூஜ்யத்துக்கு வந்துவிடும். பாக்கியத்தை மறுபடி காலனியில் எடுப்பார்களா என்று தெரியாது. வெளியே வந்தவர்களுக்கு ஒப்பந்தத்தில் வரி எதுவும் இல்லை. ஐப்பசிக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, மழை வந்தால் தானாக இறங்கிவிடும், நாம் ஒன்றும் செய்ய வேண்டாம் என்று ஒரு யோசனை வந்தது. மேடையில் நின்று கலைந்து போய்விடும் என்று சொன்னவனுக்கும் இப்படித்தான் ஒரு யோசனை வந்திருக்கும்.

உள்ளே இருந்து பாக்கியத்தின் குரல் கேட்டது. காலையில் எழுந்ததும் அவள் கேட்கிற கேள்வி. காலனிக்குப் போகும்வரை மூன்று வருஷம் கேட்டாள். படுக்கையில் கிடந்தபோதும் கேட்டாள். குழிகள் எங்கள் பாதுகாப்புக்குத்தான் என்று இன்னும் நம்புகிறாள்.

"இன்னாய்யா, குழிக்கு ஊத்திட்டியா?"

தேசம்மா குடங்களைப் பார்த்தாள். விளிம்புவரை நிறைந்திருந்தன. அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"ஊத்திட்டேன்," என்றேன்.